பெட்டியில் இல்லாத அட்டை

"ஆண்டவரோட சித்தம் எனக்கு இன்னைக்கே தெரியணும், சிஸ்டர். தெரியாம இந்த இடத்தவிட்டு எந்திரிக்க மாட்டேன்."

வேதமாணிக்கம் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்.

எப்சிபா சிஸ்டர் சபையில் வேதபாடம் நடத்துபவர். வேதமாணிக்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாரம் தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்பார் மனுஷன்.

"என்ன விஷயம், அண்ணாச்சி?"

"கீரை விக்கிற அம்மாவ வண்டி இடிச்சுதுல்லா? இடிச்சது எம் மவன் ரெஜின். நான் மாடியில நின்னு பாத்தேன். அவன் நிக்காம போயிட்டான்."

"ஆட்டோக்காரர் சுடலைமுத்துவப் பிடிச்சு உள்ள வச்சிருக்காங்களே?"

"அவன் பின்னால வந்தவன். அந்த அம்மாவத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதான் மாட்டிக்கிட்டான்."

வேதமாணிக்கம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்த அம்மாவும் போய்ச் சேந்துட்டா. நாளைக்குக் காலையில போலீஸ் என்கிட்ட வாக்குமூலம் வாங்குது. பாத்தவன் நான் ஒருத்தன்தான். எனக்கு இருக்கதும் ஒத்தப் புள்ள, சிஸ்டர்."

"என்ன செஞ்சீங்க?"

"ஜெபம் பண்ணிட்டு, வாக்குத்தத்த அட்டை எடுத்தேன்."

புத்தாண்டு ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பது சபை வழக்கம். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுக்கும் வாக்கு அது. வேதமாணிக்கத்துக்கு வருஷத்துக்கு ஒன்று எப்படிப் போதும்? போர்வெல் போடவும் அட்டை எடுப்பார், மகனுக்குப் பெண் பார்க்கப் போகவும் எடுப்பார்.

"என்ன வந்தது?"

"பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்னு வந்தது. மறுபடியும் எடுத்தேன், சமாதானம்னு வந்தது. ரெண்டுமே நல்ல வசனம். ஆனா ஒரு பொட்டு உறக்கம் வரல."

சிஸ்டர் உள்ளே போய், சபையின் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார்.

"இப்ப கண்ணத் திறந்துக்கிட்டே தேடுங்க. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு ஒரு அட்டை எடுத்துக் குடுங்க."

வேதமாணிக்கம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுகம் இருந்தது, செழிப்பு இருந்தது, சத்துருக்கள் சிதறி ஓடுவதுகூட இருந்தது.

"இல்லியே, சிஸ்டர்."

"எப்படி இருக்கும்? புத்தாண்டு அன்னைக்கு அத எடுக்க யாரு வரிசையில நிப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அப்ப ஆண்டவர் எனக்கு எங்கதான் சொல்லியிருக்காரு?"

சிஸ்டர் அட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினார்.

"பெட்டிக்குள்ள கைய விடும்போது, எந்த வசனம் வந்துரக் கூடாதுன்னு பயந்தீங்க, அண்ணாச்சி?"

வேதமாணிக்கம் மூடிய பெட்டியைப் பார்த்தார். மகனின் முகம் நினைவில் எழுந்தது. கீரைக்காரம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவனின் முகமும் கண்முன் வந்து நின்றது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகனை அழைத்தார்.

"ரெஜின், நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் போறோம். உன் வாயால நீயே சொல்லிரு, மக்கா. நீ சொல்லலேன்னா நான் சொல்லிருவேன்."