காதில் விழாத பெயர்

கட்டட மேஸ்திரி சந்திரபோசை மேற்பார்வையாளர் ஆக்கி, தலையில் ஒரு மஞ்சள் தொப்பியையும் மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், அந்தக் கட்டடத்தில் இனி யாரும் அவரை மேஸ்திரி என்று கூப்பிடக் கூடாதாம்.

"மேற்பார்வையாளர் ஐயான்னு வாய் நிறையச் சொல்லணும். மேஸ்திரின்னா என் காதுல விழாது" என்று எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் சித்தாள் வெள்ளத்தாயைக் காணோம். வேப்பமரத்தடியில் சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுப் போனா? நாளையிலேருந்து அவ வேலைக்கு வர வேண்டாம்!" என்று குதித்தார் சந்திரபோஸ்.

கலவை சுமந்து வந்த சடைச்சி சட்டியை இறக்கி வைத்தாள். "உங்களைத்தான் கேட்டா. 'மேஸ்திரி, பிள்ளை அழுவுது, போய்ட்டு வரட்டுமா'ன்னு. பதட்டத்துல பழைய பேரு வந்துருச்சு, பாவம். உங்க காதுலதான் விழலையே."

"ஏன் விழல? நல்லாவே விழுந்துச்சு! வேணும்னுதான் பேசாம நின்னேன்!"

"கேட்டுட்டும் வேண்டாம்னு சொல்லலையா? அப்போ சரின்னுதானே ஐயா அவ போயிருப்பா?"

சாரத்தின் மேலிருந்த கொத்தனார்கள் சிரித்த சிரிப்பில் ஒருவரின் கரண்டியே கீழே விழுந்தது. சந்திரபோஸ் குனிந்து அதை எடுத்து மேலே நீட்டினார்.

சாயங்காலம் கலவை மிஷின் போட்ட சத்தத்திலும் தொட்டில் அழுகை முதலில் அவருக்குத்தான் கேட்டது.

"ஏ வெள்ளத்தாயி, பிள்ளையைப் போய்ப் பாரு!"

"இந்தா போறேன் மேஸ்திரி!" என்று ஓடியவள், நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என் காதுல பிள்ளை அழுறது மட்டும்தான் விழுது" என்றார் சந்திரபோஸ். "ஓடு தாயி."