எண்ணெய்க் கிணற்று ஓலைகள்

மழைக்குப் பஞ்சமில்லாத செம்மணல் சீமையை முன்னொரு காலத்தில் விருப்பாட்சி ராசா ஆண்டுவந்தார். காலையில் யானை வேண்டும் என்பார், மத்தியானம் அதை விற்றுவிடச் சொல்வார். அப்படி ஒரு ராசா. அவருக்கு மந்திரி தீத்தாரப்பர். புத்திசாலிதான், ஆனால் அதைவிடப் பெரிய சாப்பாட்டுப் பிரியர். தெருமுனையில் நின்றபடியே எந்த வீட்டில் என்ன பலகாரம் வேகிறது, எந்த எண்ணெயில் வேகிறது என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை நீங்கள் மறந்துவிடக் கூடாது. மனுஷனுக்கு மானம் போனதே அதனால்தான்.

அரண்மனை மடைப்பள்ளிக்கு அதிகாரி நாகமாணிக்கர். மந்திரி மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். மந்திரி பதவியைப் பிடித்துவிட வேண்டுமென்று ஒரு வேலை செய்தார். ஊருக்கு வடக்கே பொட்டலில், விளக்கெரிக்கிற எண்ணெய் பூமிக்கடியில் ஆறாக ஓடுகிறதென்று சொல்லிக் கிணறு தோண்ட ஆரம்பித்தார். தோண்டச் செலவாகுமே! அதற்காக முத்திரை குத்திய பனையோலைகளை விற்றார். ஓலை வைத்திருப்பவர்களுக்கு, எண்ணெய் வந்ததும் பங்கு.

அதன்பிறகு கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை. தினமும் உச்சிப்பொழுதில் கிணற்றுக் கயிறு மேலே வரும். அதன் நுனியை மோந்து பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். கயிறு கறுப்பாக வந்தது என்றால் ஓலை விலை ஏறும். கடப்பாரை பாறையில் முட்டிவிட்டது என்றால் இறங்கும். பாறைக்கு அடியில்தானே எண்ணெய் இருக்கும் என்று சாயங்காலம் எவனாவது சொல்வான், மறுபடியும் ஏறும். நாவிதர் ஒருவர் பாதி முகத்தைச் சிரைத்துவிட்டு விலை கேட்க ஓடினார். பாதி முகத்துக்காரரும் பின்னாலேயே ஓடினார்.

மந்திரியும் பத்து ஓலை வாங்கினார். ஒருநாள் தானே போய்க் கயிற்றை மோந்தார். மூக்கில் பெருங்காயம் ஏறியது. உளுந்து வடை சுட்டுச் சுட்டுக் கறுத்துப்போன மடைப்பள்ளி எண்ணெய் அது. அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கு ஓலை மூன்று மடங்கு விலையில் இருந்தது. தனக்குச் சளி பிடித்திருக்கிறது, அதனால்தான் அப்படித் தோன்றுகிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

சளி பிடித்த மனுஷன் மறுநாள் காலையிலேயே பத்து ஓலையையும் விற்றுவிட்டார். வாங்கியவன் இருண்ட சபாமண்டபத்தில் பகலிலும் பந்தம் பிடித்து நிற்கிற மாசானம்.

"இன்னும் ஏறுங்களா சாமி?" என்று கேட்டான்.

மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏறும்னுதான் பேசிக்கிறாங்க" என்றார்.

பத்து நாள் கழித்து மாசானம் தேங்காய் பழத்தோடு மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான். ஓலை விலை இன்னும் ஏறிவிட்டதாம். கறவை மாட்டை விற்று அவரிடம் வாங்கியது வீண்போகவில்லையாம். நாளைக்கு வீட்டையும் விற்று இன்னும் பத்து ஓலை வாங்கப் போகிறானாம். கும்பிட்டுவிட்டுப் போனான். மந்திரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தேங்காயைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து நேரே சபைக்குப் போய், அந்தக் கிணற்றில் எண்ணெய் இல்லை என்று ராசாவிடம் சொன்னார். மந்திரிக்குப் பொறாமை என்றார் நாகமாணிக்கர். கிணற்றின் முதல் எண்ணெய் என்று அவர் முத்திரையிட்டுக் கொடுத்த பானை சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கே நிரூபியும். முடியாவிட்டால் மந்திரி மோதிரத்தை நாகமாணிக்கரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விடும்."

மறுநாள் காலையில் மந்திரி ராசாவின் காதில் ஏதோ சொன்னார். ராசாவுக்குக் குறும்பு என்றால் கற்கண்டு. அவரே பானையின் முத்திரையை உடைத்து, கூடவே நின்று காரியத்தை முடித்தார். சபை கூடியதும் சுடச்சுட வெல்லப் பணியாரம் வந்தது. மந்திரி ஒன்றை எடுத்துத் தின்றார். நாகமாணிக்கரும் ஒன்றை வாயில் போட்டார். போட்டதும் முகம் சுளித்தார். ருசி பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருக்குள்ள கர்வம்.

"வெல்லப் பணியாரத்தில் பெருங்காயம் போட்ட மடையன் யார்?"

மாவில் பெருங்காயமே போடவில்லை என்று சமையற்காரர் சத்தியம் செய்தார்.

ராசா மெல்லச் சிரித்தார். "உமது பானை எண்ணெயில் சுட்டது, ஓய். பூமிக்கடியில் யார் வடை சுடுகிறார்கள்?"

சபை சிரித்து ஓய வெகுநேரமானது. நாகமாணிக்கர் ராசாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முதலில் விற்ற விலையை ஓலைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிணற்றைத் தன் கையாலேயே மூட வேண்டும் என்று தீர்ப்பானது. ராசா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். எப்போது கண்டுபிடித்தீர் என்று ஆசையாகக் கேட்டார்.

நேற்று என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தூணோரத்தில் பந்தத்தோடு மாசானம் நின்றுகொண்டிருந்தான். மந்திரி அவனைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே தெரியும், மகாராசா. தெரிந்துதான் என் ஓலையை இந்த மாசானத்திடம் மூன்று மடங்குக்கு விற்றேன்."

ராசா வேறு பக்கம் பார்த்தார். மந்திரி மாலையைக் கழற்றிக்கொண்டுபோய் மாசானத்திடம் நீட்டினார். அவன் கையை நீட்டவில்லை.

"மாட்டை வித்த காசு மட்டும் குடுங்க சாமி, போதும். நான் அந்தக் கயித்தை ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை. உங்களைப் பார்த்துத்தான் வாங்கினேன்."

மாடு மாசானம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. மந்திரியின் மோதிரமும் அவர் விரலிலேயே இருந்தது. ஆனால் அதற்கப்புறம் எந்தத் தெருவிலாவது பணியாரம் வேகிற வாசனை வந்தால், தீத்தாரப்பர் தலையைக் குனிந்துகொண்டு வேறு தெரு வழியாகப் போய்விடுவாராம்.