வற்றிய குளத்துக்குக் காவல்

மல்யுத்தத்தை விட்டுவிட்டு வைத்தியம் படிக்க வந்தபோது பிச்சாண்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. குரு உலகம்மைக்கு முப்பத்தாறு. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். மலையடிவாரத்தில் இருந்த அவர்களுடைய வைத்தியசாலைக்கு மனம் கலங்கியவர்களைத்தான் கூட்டிவருவார்கள்.

ஒரு சித்திரையில் நயினாரை அவருடைய தம்பிகள் இருவரும் கயிற்றால் கட்டி வண்டியில் கொண்டுவந்தார்கள். நயினார் தன் ஊர்க் குளத்துக்குக் காவல்காரர். போன ஐப்பசி மழையில் அவர் கண்ணயர்ந்த நேரம் கரை உடைந்து, பதினான்கு வீடுகள் போய்விட்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து நயினாரின் தூக்கம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்து, இப்போது ஒன்பது நாளாகப் பொட்டுத் தூக்கம் கிடையாது.

உலகம்மை கட்டை அவிழ்த்துவிட்டார். நயினார் நேரே மதில்மேல் ஏறிப் பார்த்தார். எதிரே மலையடிவாரத்து ஊரின் குளம்.

"இதுக்குக் காவல் யாரு?"

"யாரும் இல்லை," என்றார் பிச்சாண்டி.

"அப்ப நான் இருக்கேன்." மதிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

குளத்தில் தண்ணீரே இல்லை. வெடித்துக் கிடந்த தரையில் ஆடுகள் மேய்ந்தன. பிச்சாண்டி அதைக் காட்டினார்.

"தண்ணி சொல்லிட்டா வரும்?" என்றார் நயினார்.

அன்றே உலகம்மைக்குப் பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. நயினாரைப் பார்த்துக்கொள்ளும்படி பிச்சாண்டியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிச்சாண்டி தூக்கத்துக்கான கஷாயம் காய்ச்சினார். நயினார் வேண்டாம் என்றார். பிச்சாண்டி அவரைத் தூக்கிவந்து மடியில் கிடத்திக் குழந்தைக்குப் போலப் பாலாடையால் புகட்டினார். கஷாயம் பிச்சாண்டியின் காதுக்குள் போயிற்று. மறுநாள் தம்பிகள் கைகாலைப் பிடித்தார்கள். பிச்சாண்டியின் கட்டைவிரலில் பல் பதிந்தது. மூன்றாம் நாள் வைத்தியசாலைச் சமையல்காரரும் சேர்ந்துகொண்டார். அந்தக் கலவரத்தில் கஷாயம் முழுவதும் சமையல்காரரின் வாய்க்குள் போய், அவர் சாயங்காலம்வரை தூங்கினார். யாருக்கும் மத்தியானச் சாப்பாடு இல்லை.

அதற்குப் பிறகு நயினார் சோற்றையும் தொடவில்லை. அதில் கலந்திருப்பார்கள் என்றார்.

நாலாம் நாள் உலகம்மை திரும்பிவந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தன் நல்லது தனக்கே தெரியாதவருக்கு மருந்து கொடுக்க என்ன வழி, அம்மா?" என்றார் பிச்சாண்டி.

"அப்புறம் சொல்லுதேன். பாயசம் குடிக்கீங்களா, அண்ணாச்சி?"

பிச்சாண்டிக்குப் பாயசம் என்றால் உயிர். முகம் மலர்ந்து தலையாட்டினார்.

உலகம்மை தம்பிகளுக்குக் கண்காட்டினார். ஆளைப் பிடித்து அமுக்குவதில் அவர்களுக்கு இரண்டு நாள் பழக்கம் இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் பிச்சாண்டி தரையில் கிடந்தார். ஒருவர் கால்மேல், ஒருவர் மார்மேல். உலகம்மை அவர் மூக்கைப் பிடித்துப் பாயசத்தை ஊற்றினார். பிச்சாண்டி இருமி, துப்பி, திமிறி எழுந்தார்.

"கையில கொடுத்தா குடிச்சிருப்பேனே! நான்தான் வேணும்னு சொன்னேனே."

"ஆமா, வேணும்னவரு நீங்க," என்றார் உலகம்மை. "வேண்டாம்னவரு மதில்மேல இருக்காரு."

பிறகு உலகம்மையும் மதிலில் ஏறி நயினார் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கஷாயம் ஏன் வேண்டாம்?"

"குடிச்சா தூங்கிருவேன்."

"அதுக்குத்தானே அது."

"நான் தூங்கிட்டா கரையை யாரு பார்ப்பா?"

கீழே பிச்சாண்டி மீசையிலிருந்த பாயசத்தைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அண்ணாச்சி பார்ப்பாரு," என்றார் உலகம்மை.

நயினார் பிச்சாண்டியை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தார். திருப்தி வரவில்லை. இறங்கிவந்து கரைக்குக் கூட்டிப்போய், எலி எங்கே வளை போடும், கசிவு எப்படித் தெரியும், எந்த இடத்தில் மண் இளகும் என்று ஒரு நாழிகை பாடம் எடுத்தார். திரும்பிவந்து ஒரு கிண்ணம் சோற்றை உலகம்மையோடு பங்கிட்டுத் தின்றார். கஷாயம் குடிக்கவில்லை. படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

பிச்சாண்டி சித்திரை வெயிலில் கரைமேல் நடந்தார். ஆடு மேய்ப்பவர் கேட்டார்: "ஏதும் தொலைஞ்சுபோச்சா அண்ணாச்சி?"

"இல்லை. காவல்."

"எதுக்கு?"

"தண்ணி வந்துட்டா?"

அவர் ஆடுகளைச் சற்றுத் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

பொழுது சாயும் நேரம் நயினார் ஓடிவந்தார். "கண்ணயர்ந்தீங்களா?"

பிச்சாண்டிக்குப் பொய் வரவில்லை. "ஒரு தடவை. கொஞ்ச நேரம்."

நயினார் கத்துவார் என்று நினைத்தார். நயினார் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எல்லாருக்கும் வரும்," என்றார் மெதுவாக.

பிச்சாண்டியின் பக்கத்தில் கரைமேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கஷாயத்துல என்ன போட்டிருக்கீங்க?"

பிச்சாண்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். நயினார் கவனமாகக் கேட்டார். "பாதி தாங்க. மீதியை நாளைக்கு யோசிப்போம்." பிச்சாண்டி கொண்டுவந்த கிண்ணத்தைத் தன் கையால் வாங்கி, பாதி குடித்து, முகத்தைச் சுளித்தார்.

பிச்சாண்டி குருவிடம் போனார். அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் வெந்து சிவந்திருந்தது.

"அம்மா, அவரே வாங்கிக் குடிச்சாரு."

"சரி."

"நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டா?"

உலகம்மை அவர் தலையைப் பார்த்தார்.

"நாளைக்குக் குடை எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போங்க, அண்ணாச்சி."