கடைசி அறையின் வைஃபை பெட்டி

மலைமேல் இருந்த அந்தக் காசநோய் மருத்துவமனைக்குச் செல்போன் சிக்னல் எட்டாது. நோயாளிகளுக்கு வெளியுலகம் என்றால் கூரையில் மாட்டிய வைஃபை பெட்டிகள்தான். அத்தனை பெட்டிகளையும் ஆண்டது அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு கன்ட்ரோலர். அதைப் பார்த்துக்கொண்டவர் திலகவதி. வேலை பார்த்த பஞ்சாலை மூடியபின் அவரிடம் தொழில் கற்க வந்தவர் அருளப்பன். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர்.

தனிமை வார்டின் கடைசி அறையில் சவரிமுத்து கிடந்தார். சாதாரண மருந்துக்கு அடங்காத நோய். சாப்பாட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் மனைவி வீடியோவில் வருவாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் மாத்திரைகளை விழுங்குவார். ஒரு மின்தடைக்குப் பிறகு அவள் வரவில்லை.

சவரிமுத்து புகார் சொன்னார். அருளப்பன் கன்ட்ரோலரின் திரையைப் பார்த்தார். கடைசி அறைக்கு நேரே பச்சைப் புள்ளி. இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் அனுப்பிப் புகாரை முடித்தார். மறுநாளும் புகார் வந்தது, அதே பதில் போனது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

பிறகு சவரிமுத்து பையைக் கட்டிவிட்டார். பாதி மருந்தோடு வீட்டுக்குப் போகிறாராம். அப்படிப் போன யாரும் பிழைத்ததில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

கீழே ஊருக்குப் போயிருந்த திலகவதி அன்றுதான் திரும்பினார். அருளப்பன் அவரிடம் பொருமித் தீர்த்தார். திரையே சொல்கிறது, அந்த ஆள் நம்பமாட்டேன் என்கிறான், கிறுக்குப் பிடித்துவிட்டது.

திலகவதி நாற்காலிமேல் ஏறினார். அலுவலகக் கூரையில் இருந்த பெட்டியைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, அருளப்பன் மடியில் வைத்தார்.

"இது ஓடுதாண்ணே?"

அவர் திரையைப் பார்த்தார். பச்சை. மடியைப் பார்த்தார்.

திலகவதி வயரைத் திரும்பச் செருகினார். பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"உள்ளே வரட்டுமான்னு கேக்குது. நீ ஏற்கெனவே உள்ளேதான் இருக்கேன்னு கன்ட்ரோலர் விரட்டுது. கரன்ட் போனப்ப கடைசி அறையிலயும் இதேதான் நடந்திருக்கு."

கன்ட்ரோலரைத் தயாரித்த நிறுவனத்துக்கு இந்தப் பிழை தெரியும். தெரிந்த பிழைகளில் ஒன்றாகச் சேர்த்து, அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று அறிவித்திருந்தது. பெரிய இடங்களில் அறிவிப்பதற்குப் பெயர்தான் வேலை. மின்தடை தாங்கும் யு.பி.எஸ். பேட்டரி தலைமை மருத்துவர் அறைக்கு இருந்தது. கடைசி வார்டுக்கு இல்லை.

கன்ட்ரோலரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பதிவை நீக்கினால் பெட்டி உள்ளே வந்துவிடும் என்றார் திலகவதி. அருளப்பன் இரண்டு பெட்டிகளின் பதிவையும் நீக்கினார். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு தனிமை வார்டுக்கு ஓடினார்.

சவரிமுத்து பையை அணைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் சிவப்பு விளக்கு நின்று பச்சை எரிந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர் உடனே எடுக்கவில்லை. முதலில் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

"செத்துத் தொலைஞ்சிட்டியோன்னு நெனச்சேன்யா" என்றது போன்.

அருளப்பன் கதவைச் சாத்திவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்.

"மறுபடி கரன்ட் போனா மறுபடியும் இதேதானேம்மா?"

"ஆமாண்ணே."

"திரை பச்சையாவே இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?"

திலகவதி பெட்டியைக் கூரையில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர்தான் உங்ககிட்ட தினமும் சொன்னாரேண்ணே."