மூடி மேல் இருந்த பொட்டு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். சைக்கிள்கூட இல்லாதவர்களும் வரலாம். தீர்ப்புச் சொல்ல லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. அப்புறம் "நீ சொல்லவே இல்லையே" என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

கோவை பீளமேட்டில் மருதாசலம் என்று ஒரு மெக்கானிக். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்பார்கள். அந்தக் கார்களில் ஒரு ரகத்துக்கு இஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸுக்கு மறைவில், ஒரு பேரிங் உண்டு. அது தேய்ந்தால் சத்தம்கூடக் கொடுக்காது. ஒருநாள் ஓட்டத்திலேயே பொடிந்து இஞ்சின் ஜாம் ஆகிவிடும். மலைப்பாதை வளைவில் அப்படி ஆனால் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டுமா? மருதாசலம் அதைக் கழற்றிவிட்டு உறுதியான வேறு பேரிங் போடுவார். மேலே பழைய மூடியையே வைத்து முடுக்கிவிடுவார்.

அப்படியானால் பேரிங் மாற்றிய வண்டி எது, மாற்றாத வண்டி எது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அவருடைய பொட்டு. வேலை முடிந்ததும் கிரீஸில் குழைத்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தொட்டு மூடியின் நடுவில் வைப்பார். வண்டி வாங்க வருகிறவர்கள் கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பார்கள். பொட்டு இருந்தால் மறுபேச்சு கிடையாது.

நந்தகோபால் என்ற நூல் வியாபாரி தன் மஞ்சள் காரைப் பேரிங் மாற்ற விட்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு, உதவிக்கு இருந்த கதிர்வேலு வீட்டுக்குப் போய்விட்டான். மருதாசலத்தோடு பல வருஷம் வேலை பார்த்தவன் அவன். விடிந்தால் ஆயுத பூஜை. அன்றைக்கு ஸ்பேனரை யார் தொடுவார்கள்? மருதாசலத்தின் மனைவி செல்வநாயகி குளித்து முழுகி வந்து லேத், ஜாக்கி, கம்ப்ரஸர் என்று பட்டறை முழுக்கச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கதிர்வேலு பின்னாலேயே போனான். திறந்து கிடந்த மஞ்சள் காரின் இஞ்சினுக்கும் ஒரு பொட்டு விழுந்தது. அது பேரிங் மூடியா, வேறு மூடியா என்று அவளுக்கு என்ன தெரியும்? சாமி காரியம், கையில் பட்ட இடத்தில் வைத்தாள்.

அன்று மத்தியானமே மருதாசலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பாவம், நல்ல மனுஷன்.

கருமாதி முடிந்து பட்டறை திறந்ததும் நந்தகோபால் வண்டியைக் கேட்டு அவசரப்படுத்தினார். கதிர்வேலு பார்த்தான், மூடியில் பொட்டு இருந்தது. "அண்ணன் முந்தின ராத்திரியே முடிச்சிட்டாரு போல" என்று கியர்பாக்ஸை ஏற்றி வண்டியை அனுப்பிவிட்டான்.

சில வருஷம் ஓடியது. பட்டறையை இப்போது செல்வநாயகி நடத்துகிறாள். நந்தகோபால் மஞ்சள் காரை விற்க வந்தார். வாங்க வந்தவர் கோத்தகிரி ஆசீர். அவர் மனைவி மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் மலை இறங்கி வர வேண்டும். அதனால் பேரிங்கைப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றார். கியர்பாக்ஸை இறக்கினார்கள்.

"பாத்தீங்களா? எங்க அண்ணன் பொட்டு!" என்றான் கதிர்வேலு. ஆசீரின் முகம் தெளிந்தது.

கணவன் கடைசியாக வைத்த பொட்டாயிற்றே என்று செல்வநாயகி ஆசையாகக் குனிந்து தொட்டாள். விரலில் சந்தனம் பொடியாக உதிர்ந்தது. அவர் பொட்டு உதிராது. அந்தக் கிரீஸ் கறை சட்டையில் போகவில்லை என்று அவரோடு எத்தனை தடவை மல்லுக்கு நின்றிருக்கிறாள்! சொன்னால் அவர் வைத்த பொட்டு எல்லாவற்றையும் ஊர் சந்தேகப்படும். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளைத்தாச்சி இந்தக் காரில் மலை இறங்குவாள்.

"இது அவரு வெச்சதில்லீங்க, நான் வெச்சது. மூடியக் கழட்டிப் பாருங்க."

"அக்கா, சும்மா இருங்க. அண்ணன் பேரு என்னாகும்?"

"அவரு பேரு போனாப் போகட்டும். கழட்டு."

கழற்றினார்கள். உள்ளே பழைய பேரிங்தான், விரலால் ஆட்டினாலே ஆடியது. "ஏனுங்க, இதுலயா என் பையன உக்கார வெச்சு வால்பாறை போய்ட்டு வந்தேன்? பொட்டு வெச்சு ஊரையே நம்ப வெச்ச மனுஷனைச் சொல்லோணும்!" என்று நந்தகோபால் கத்தினார். "இல்லீங்க, பாவி நான்தான் வெச்சேன்" என்று செல்வநாயகி அழுதாள். "பொட்டப் பாத்தேன், நம்புனேன். நான் என்னங்க பண்ணட்டும்?" என்றான் கதிர்வேலு.

பொட்டை நம்பச் சொன்னவர் ஒருவர், பொட்டை வைத்தவள் ஒருத்தி, பொட்டை நம்பியவன் ஒருவன். ஐயா, அம்மா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: இந்த மூவரில் பிழை யாருடையது?

விடை: கதிர்வேலுவுடையது. மருதாசலம் வேலை முடியாமல் ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை. செல்வநாயகிக்கு மூடி எதுவென்றே தெரியாது. மூடியும் தெரிந்து, அந்தப் பொட்டு விழுந்ததையும் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். துக்கத்திலும் அவசரத்திலும் மறந்திருப்பான், மறப்பது மனுஷ குணம், போகட்டும். ஆனால் அவள் உண்மையைச் சொன்ன பிறகும் "சும்மா இருங்க" என்றானே, அதை எப்படி மன்னிப்பது? செல்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "கதிர்வேலு, அன்னிக்குச் சந்தனக் கிண்ணம் யாரு கையில இருந்துச்சு?" அவன் குனிந்து பழைய பேரிங்கைக் கழற்ற ஆரம்பித்தான். அன்றைக்கே புது பேரிங் போட்டு மூடியை முடுக்கினார்கள். அதன் மேல் பொட்டு வைக்க யாரும் கை நீட்டவில்லை.