மணி மிஞ்சிய கம்பு

தண்ணீர்ப் பந்தலுக்கு வருகிறவர்கள் தாகத்தோடு வருவார்கள். அஞ்சல் அதிகாரி நல்லபெருமாள் பிள்ளை அன்று கோபத்தோடு வந்தார். வில்வண்டியிலிருந்து இறங்கும்போதே மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். பின்னால் ஈட்டிச் சேவகர்கள் இரண்டு பேர். ஒருவன் கையில் முத்திரைப் பெட்டி.

சமஸ்தானத்தின் வடக்கு எல்லையில், கணவாய்ப் பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தப் பந்தல். நடத்தியவர் செங்கமலத்தம்மை. நாற்பது வயதுதான் இருக்கும். காவி உடுத்தியதில்லை, உபதேசம் செய்ததில்லை. வழிப்போக்கர்களுக்கு மோர் ஊற்றுவார், கேட்டால் பதில் சொல்வார். ஐம்பத்தைந்து வயதுப் பிள்ளை அவரைக் குருவாக ஏற்று ஆறு வருஷம் ஆகிறது. ஊரில் சிலர் சிரித்தார்கள். மனசு உறுத்துகிற நாளில் பிள்ளை வண்டியைப் பூட்டச் சொல்லிவிடுவார். அதிகாரி ஒருவருக்கு மனசு உறுத்துவதே பெரிய காரியம் என்பதால் அம்மையும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அம்மா, ஒரு கேள்வி" என்றார் பிள்ளை. "நல்லதுக்குன்னு ஒரு சட்டம் போடுதோம். யாருக்காகப் போட்டோமோ அவனே அதை மீறுதான். ஏன்?"

"எந்தச் சட்டம்?"

பிள்ளை பந்தலின் பின்பக்கம் கையை நீட்டினார். அங்கே மாடக்கண்ணு என்ற அஞ்சல்காரன், இடது கையில் கட்டோடு, வலது கையால் பானைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து நிறுத்தி வைத்த நாளிலிருந்து அவன் அங்கேதான் இருந்தான்.

"அவன் மீறின சட்டம்."

அந்தச் சட்டத்தின் கதை இது. அஞ்சல்காரர்கள் கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு ஊர் ஓடுகிறவர்கள். கையில் ஒரு கம்பு. அதன் நுனியில் ஈட்டி, ஈட்டிக்குக் கீழே வெண்கல மணிக்கொத்து. அஞ்சல் வருகிறது, வழி விடு என்று மணி சொல்லும். விடாதவனுக்கு ஈட்டி. போன வருஷம் ஓர் அஞ்சல்காரன் கள் குடித்துவிட்டுச் சண்டையில் ஒரு விறகுவெட்டியைக் குத்திக் கொன்றுவிட்டான். உடனே பிள்ளை ஆபீசுக்காரர்களோடு உட்கார்ந்து பன்னிரண்டு விதிகள் எழுதினார். இருபத்து மூன்று பேரின் கம்பிலிருந்தும் ஈட்டி முனை கழற்றப்பட்டது. மணியை யாரும் கழற்றவில்லை.

கள்ளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆள் எந்த வளைவில் வருகிறான் என்று மணி சொல்லிவிடும். அவன் கையில் ஒன்றுமில்லை என்று விதி சொல்லிவிடும். படித்தவர்கள் பத்துப் பேர் கூடி யோசித்ததில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"ஏழாம் விதி என்ன?" என்று அம்மை கேட்டார்.

பிள்ளைக்கு மனப்பாடம். "கள்ளர் மறித்தால் அஞ்சல்காரன் பையை மரியாதையாகக் கீழே வைத்து, பத்தடி விலகி நின்று, அவர்கள் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது."

"இவனுக்கு முன்னால ஒரு அஞ்சல்காரனை மறிச்சாங்களே, தங்கையன், அவன் அப்படித்தான செஞ்சான்?"

"செஞ்சான்."

"பெறகு?"

பிள்ளை நடந்ததைச் சொன்னார். தங்கையன் பையை வைத்தான். பத்தடி விலகினான். விதிப்படி முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் நாளைக்கு வந்து அடையாளம் காட்டுவானே என்று கள்ளர்கள் அவனுடைய இரண்டு காலையும் ஒடித்துப் போட்டார்கள்.

"அவனை ஒன்பதாம் விதிப்படி நீக்கினோம்" என்றார் பிள்ளை. "பையைப் பறிகொடுத்தா வேலை போகும்."

"மாடக்கண்ணு பையைப் பறிகொடுத்தானா?"

"இல்லை. பை பத்திரமா வந்துட்டு. ஆனா இடுப்பில கத்தி வச்சிருந்தான். ஒருத்தன் கையைக் கிழிச்சிருக்கான். அது ஏழாம் விதி."

"பையில இருந்த கடிதாசியை என்ன செஞ்சீங்க?"

"அன்னைக்கே பட்டுவாடா செஞ்சாச்சு."

அதைச் சொல்லும்போது பிள்ளைக்குக் கூச்சம்கூட வரவில்லை. கத்தி காப்பாற்றிய கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, அதே கையோடு கத்தி வைத்திருந்தவனை நீக்க உத்தரவு எழுதியிருக்கிறார்கள். விதியைக் கடைப்பிடித்தவனுக்குக் காலும் போச்சு, வேலையும் போச்சு. கடைப்பிடிக்காதவனுக்கு வேலை மட்டும் போகப் போகிறது. அந்த அளவில் மாடக்கண்ணு புத்திசாலிதான்.

அவன் பானையை வைத்துவிட்டு வந்து நின்றான். "ஐயா, நான் யாரையும் தேடிப் போய்க் குத்தலை. மூணு பேரு மறிச்சாங்க. பையை வைக்கத்தான் குனிஞ்சேன். குனிஞ்ச நேரத்தில கையில வெட்டிட்டான். பெறகுதான் கத்தியை எடுத்தேன்."

"எடுக்கது இருக்கட்டும். ஏன்டா வச்சிருந்தே? விதி தெரியாதா?"

"தங்கையனை மலையிலிருந்து தூக்கிட்டு வந்தது நான்தான் ஐயா."

பிள்ளை அவனைப் பார்க்காமல் அம்மையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் மனசு இருக்கும்மா. இவன் ஒருத்தனை விட்டா நாளைக்கு எல்லாவனும் கத்தியோட ஓடுவான். உத்தரவு எழுதிக் கொண்டாந்துட்டேன். முத்திரை வைக்கதுதான் பாக்கி. அதுக்கு முன்னால உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா நிம்மதியா இருக்கும்."

வேலை போனால் அஞ்சல்காரர்களுக்கான குடிசையையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். மாடக்கண்ணுவின் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்துதான் நிம்மதி தேடி வந்திருந்தார்.

அம்மை தூணில் சாய்த்திருந்த மாடக்கண்ணுவின் கம்பை எடுத்தார். மணிக்கொத்து கலகலத்தது.

"அரக்கு உருக நேரம் ஆகும்லா? அதுக்குள்ள மேல ரெண்டாம் வளைவுச் சுனையில ஒரு செம்பு தண்ணி கோரிட்டு வாங்க. இந்தக் கம்பைக் கொண்டு போங்க."

பிள்ளை எழுந்தார். சேவகர்களும் ஈட்டியோடு எழுந்தார்கள்.

"இவங்க எதுக்கு?" என்றார் அம்மை. "ஏழாம் விதியில சேவகரைப் பத்தி ஒண்ணும் இல்லையே. இருந்து மோர் குடிக்கட்டும்."

குரு சொல்லைத் தட்ட முடியாது. பிள்ளை செம்பை இடது கையிலும் கம்பை வலது கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். உச்சி வெயில். கள்ளன் வருகிற நேரமா இது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மாடக்கண்ணுவை மறித்ததும் உச்சி வெயிலில்தான் என்று தாமே எழுதிய உத்தரவில் இருந்தது நினைவுக்கு வந்தது.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்தப் பாதையை அவர் வண்டிக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறார். நடக்கும்போது அது வேறு பாதையாக இருந்தது. முதல் வளைவு திரும்பியதும் பந்தல் மறைந்தது. இரண்டு பக்கமும் புதர். ஒவ்வோர் அடிக்கும் மணி அடித்தது. இவ்வளவு சத்தமா போடும் இந்தச் சனியன் என்று பிள்ளைக்கு எரிச்சல் வந்தது. மெதுவாக நடந்தால் மெதுவாக அடித்தது. நின்றால் நின்றது. மேலே எங்கோ ஒரு கல் உருண்டு விழுந்தது. ஆடாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். சுனையில் செம்பை அவசரமாக முக்கி எடுத்தார்.

போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். செம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கம்பை இடது கக்கத்தில் இடுக்கியிருந்தார். வரும்போது மணிச் சத்தமே கேட்கவில்லை. மணிக்கொத்தை மேல்துண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"நாலாம் விதி என்ன பிள்ளைவாள்?" என்றார் அம்மை.

"மணியை அடக்குவது குற்றம்" என்று வாய் தானாகச் சொன்னது.

"வலது கையில என்ன?"

பிள்ளை அப்போதுதான் பார்த்தார். தேங்காய் அளவுக்கு ஒரு கருங்கல். எங்கே குனிந்தார், எப்போது எடுத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. விரலை விரித்தார், கல் கீழே விழுந்தது. மாடக்கண்ணு வந்து மேல்துண்டை அவிழ்த்து, உதறி, மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். அந்த மரியாதைதான் பிள்ளைக்குத் தாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"சரிம்மா, பயந்துட்டேன். ஒத்துக்கிடுதேன்!" என்று சத்தம் போட்டார். "பயந்தவன் கையில எல்லாம் ஈட்டியைக் கொடுக்க முடியுமா? செத்துப்போனானே அந்த விறகுவெட்டி, அவன் பெஞ்சாதி பிள்ளையை இடுப்பில வச்சிட்டு என் ஆபீசு வாசல்ல வந்து நின்னாளே. அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"அவ இங்கயும் வந்தா" என்றார் அம்மை. அவருடைய குரலும் இறுகிவிட்டது. "ராத்திரி முச்சூடும் இந்தத் தூணைப் பிடிச்சிக்கிட்டு அழுதா. நீங்க கேக்கது நியாயமான கேள்வி. நானும் ஒண்ணு கேக்கேன். குத்தினவன் குடிகாரன், போதையில ஈட்டியைத் தூக்குதான்னு கொலைக்கு முன்னாலயே உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"யாரு?"

மாடக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் தங்கையனும்தான் அம்மா" என்றான். "மூணு தடவை போய்ச் சொன்னோம்."

"அன்னைக்கு அந்த ஒருத்தன் கையிலிருந்து ஈட்டியை வாங்க உங்களுக்கு நேரம் இல்லை" என்றார் அம்மை. "பெறகு இருபத்து மூணு பேர் கையிலிருந்தும் வாங்க ஒரே நாள் போதுமா இருந்துது."

பிள்ளைக்கு ரோஷம் தலைக்கேறியது. தப்பு தம் பக்கம் என்று தெரிந்த மனிதனுக்கு வருகிற ரோஷம் அது, அதற்கு வேகம் அதிகம். "விதின்னா விதிதான்! ஏலே, அரக்கை விடு!" என்று சேவகனைப் பார்த்துக் கத்தினார்.

சேவகன் உத்தரவுத் தாளை மடக்குப் பலகையில் விரித்து, உருகிய அரக்கை அடியில் வட்டமாக விட்டான். முத்திரையைத் துடைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தான். "ஐயா, ஆறதுக்குள்ள வைக்கணும்."

மாடக்கண்ணு அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மை செம்பை வாங்கி, பாதித் தண்ணீரைப் பானையில் ஊற்றினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"கழத்தின ஈட்டி முனையெல்லாம் எங்க இருக்கு?"

பிள்ளைக்கு இந்தக் கேள்வி ஆறுதலாக இருந்தது. இதற்குத் தம்மிடம் நல்ல பதில் இருந்தது. "ஒண்ணைக்கூட வீணாக்கலைம்மா. ஆபீசு வாசல் கதவுக்கு மேல வரிசையா வச்சு அடிச்சாச்சு. உள்ள பெட்டகம் இருக்கு. நாங்க பத்துப் பேரு உக்காந்து வேலை பாக்கோம். எவனாவது ஏறிக் குதிச்சா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

"என்னுது இடப்பக்கத்திலிருந்து நாலாவது" என்றான் மாடக்கண்ணு. அவன் குரலில் கோபம் இல்லை. "முனை கொஞ்சம் வளைஞ்சிருக்கும். பையைக் குடுக்க வரும்போதெல்லாம் பாப்பேன்."

இரண்டு சேவகர்களும் தங்கள் ஈட்டியை மெதுவாகத் தரையில் கிடத்தினார்கள். எதற்காக என்று அவர்களுக்கும் தெரியாது.

"ஐயா, அரக்கு ஆறுது" என்றான் முத்திரைச் சேவகன்.

"வைங்க பிள்ளைவாள்" என்றார் அம்மை. "மரக்கதவுக்கே பயம் உண்டுன்னு ஈட்டி வச்சவரு நீங்க. இவனுக்கு அது கிடையாதுன்னு எழுதி, அதுக்கு மேல முத்திரையை வைங்க."

அரக்கு இறுகிக் கல்லாகும்வரை பிள்ளையின் கை எழவில்லை.