இசக்கியம்மாள் கல்யாணத்துக்கு வந்த ஆட்சேபங்கள்

எங்கள் மடத்தில் கல்யாணம் செய்துகொள்ள ஐயர் வேண்டாம், ஜாதகம் வேண்டாம். இரண்டு பேரின் பெயரையும் மூன்று வெள்ளிக்கிழமை கூடத்தில் வாசிப்போம். ஆட்சேபம் உள்ளவர் மூன்றாவது வெள்ளியன்று எழுந்து சொல்லலாம். ஆனால் ஊர் என்ன ஆகும், உலகம் என்ன ஆகும் என்றெல்லாம் பேசக் கூடாது. இதனால் என் கையை விட்டு இன்னது போகிறது என்று சொல்ல வேண்டும். போவது அவருடைய சொந்தமாக இருந்தால் கல்யாணம் நிற்கும். அடுத்தவருடையதாக இருந்தால் நடக்கும்.

மடத்தை உண்டாக்கின பெரியவர் வைத்த விதி. சாதி விட்டுச் சாதி கட்டினவர்களை அரிவாளோடு தேடி வந்த காலத்தில் வைத்தாராம். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கல்யாணம்தான் நின்றிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருந்தாள். அவளே எழுந்து சொன்னாள்.

ஆட்சேபங்களை நோட்டில் எழுதுகிறவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பதிவாளர் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. இப்போது மடத்தை நடத்தும் சாமிக்கு நாற்பத்திரண்டுதான். ஆனாலும் சாமிதான் அவருக்குக் குரு. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், மனுஷன் சாமியை உட்கார விடமாட்டார், நிற்க விடமாட்டார்.

இந்த முறை வாசித்த பெயர்கள் இசக்கியம்மாள், அமுதவல்லி.

அடேயப்பா, கூடத்தில் அப்போது எழுந்த சத்தத்தில் அடுக்களையில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இசக்கி தையல் கடை வைத்திருக்கிறாள். அமுதவல்லி சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். பதினேழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணம் என்றதும்தான் எல்லோருக்கும் வாய் முளைத்தது.

அன்றைக்கே அண்ணாச்சி சாமியைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, டிவியிலயும் இதே சண்டை, கோர்ட்டுலயும் இதே சண்டை. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. இதுல நியாயம் யார் பக்கம்?"

"மூணாவது வெள்ளிக்கு நோட்டை எடுத்துட்டு வாங்க. யார் என்ன பேசுதாங்கன்னு எழுதாதீங்க. யாருக்கு என்ன போகுதுன்னு மட்டும் எழுதுங்க."

"அதுல நியாயம் தெரியுமா?"

"எழுதிப் பாருங்க அண்ணாச்சி."

மூன்றாவது வெள்ளியன்று நிற்க இடமில்லை. சாமி முதலில் இசக்கியைக் கேட்டார்.

"பதினேழு வருஷமா ஒண்ணாத்தான் இருக்கீங்க. இப்போ எதுக்குக் கல்யாணம்?"

"போன வருஷம் இவளுக்கு ஆபரேஷன், சாமி. ஆஸ்பத்திரியில நீங்க யாருன்னு கேட்டாங்க. கூட இருக்கேன்னேன். அது உறவு இல்லையே, ரத்த சம்பந்தம் உள்ளவங்க கையெழுத்து வேணும்னுட்டாங்க. இவகூடப் பதினோரு வருஷமாப் பேசாத தம்பி வந்துதான் கையெழுத்துப் போட்டான். அவன் வந்து சேர ஆறு மணி நேரம். நான் வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தேன்." இசக்கி மூக்கை உறிஞ்சினாள். "வர்ற மாசம் மறுபடியும் ஆபரேஷன் சொல்லியிருக்காங்க."

"இங்க கட்டினாலும் சட்டம் ஒத்துக்காதே?"

"தெரியும் சாமி. ஆனா நூறு பேர் பார்க்கக் கட்டினவள்னு இருந்தா, அவளை உள்ள விடுங்கய்யான்னு சொல்ல நாலு பேராவது வருவாங்கல்லா?"

சாமி கூடத்தைப் பார்த்தார். "ஆட்சேபம் உள்ளவங்க சொல்லலாம்."

முதலில் எழுந்தவன் அந்தத் தம்பியேதான். கோமதிநாயகம்.

"எங்க குடும்ப மானம் என்ன ஆகுறது?"

"உங்களுக்கு என்ன போகுது?"

"எங்க அப்பா பேரு..."

"அப்பாவுக்குப் போறதை அப்பா வந்து சொல்லட்டும். உங்களுக்கு?"

அவன் அக்காவைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். "அக்காவுக்குப் புள்ளகுட்டி இல்ல. அந்த வீடு எனக்குத்தான் வரும்னு இருந்தேன். இப்போ இவ வந்து நிக்கா."

"வீடு யார் கட்டினது?"

"அக்காதான்."

அண்ணாச்சி எழுதினார்: கோமதிநாயகம், வீடு, அடுத்தவருடையது.

அடுத்தது வேலாயுதம். சாதிச் சங்கத் தலைவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பண்பாடு என்றார், இயற்கை என்றார், முன்னோர் என்றார். சாமி கொட்டாவி விடாமல் கேட்டதே பெரிய விஷயம்.

"எல்லாம் சரி தலைவரே. உங்களுக்கு என்ன போகுது?"

"என்னையா கேக்கீங்க? முப்பது வருஷத்துல எங்க ஆளுங்க வீட்டுல ஒரு கல்யாணம் என்னைக் கேக்காம நடந்திருக்கா? யாருக்கு யாருன்னு நான் சொல்லுதேன், அதுதான் நடக்குது. இன்னைக்கு இவளுக நடத்துனா நாளைக்கு எவன் என் வாசலுக்கு வருவான்?"

"எழுதிக்கோங்க அண்ணாச்சி. தலைவர் உண்மையைச் சொல்லிட்டார்."

கூடமே சிரித்தது. தலைவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விறுவிறுவென்று வெளியே போனார். அவரோடு பதினைந்து பேர் எழுந்து போனார்கள். அண்ணாச்சி எழுதினார்: வேலாயுதம், அடுத்தவர் சம்மதம், அடுத்தவருடையது.

மூன்றாவதாகத் தங்கபுஷ்பம் எழுந்ததுதான் யாரும் எதிர்பாராதது. பீடித் தொழிலாளர் சங்கத்துக்காரி. இசக்கிக்கும் அமுதாவுக்கும் உயிர்த் தோழி.

"எனக்கும் ஆட்சேபம் உண்டு சாமி. தாலி கட்டினவன்கிட்ட ஒன்பது வருஷம் அடி வாங்கினவ நான். கல்யாணம்னு ஒண்ணை உண்டாக்கினதே பொம்பளையை ஒருத்தன் வீட்டுல கட்டிப் போடத்தான். இவளுக ரெண்டு பேரும் அந்தக் கயித்துக்கு வெளியில சந்தோஷமா இருந்தாளுக. இப்போ நாங்களும் உள்ள வாரோம்னு கையேந்துதாளுக. எனக்கு வயிறு எரியுது."

"உங்களுக்கு என்ன போகுது?"

அவள் இசக்கியையும் அமுதாவையும் கையால் காட்டினாள். "கல்யாணமே வேண்டாம்னு சொல்ல இந்த ஊர்ல என்கூட ரெண்டு பேர் இருந்தாங்க. நாளையில இருந்து நான் ஒத்தை."

"அது உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல." சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "விதிப்படி நான் நிறுத்தணும். நிறுத்தவா?"

இசக்கி அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது, நான் பார்க்கவில்லை.

தங்கபுஷ்பம் அமுதாவையே பார்த்தாள். அமுதா போன வருஷத்தைவிடப் பாதியாக இளைத்திருந்தாள்.

"வேண்டாம் சாமி. ஆஸ்பத்திரி வாசல்ல இசக்கியோட நானும்தான் நின்னேன். நிறுத்த வேண்டாம். ஆனா நான் சொன்னதை எழுதி வைங்க."

அண்ணாச்சி எழுதினார்.

கூட்டம் கலைந்து மத்தியானம் ஆயிற்று. அண்ணாச்சி நோட்டைச் சாமி முன்னால் வைத்தார்.

"நியாயம் தெரிஞ்சுதா?" என்றார் சாமி.

"நியாயத்தைப் பத்தி யாருமே பேசலையே சாமி. வெளியில பண்பாடுன்னு கத்தினவங்க எல்லாம் உள்ள வந்து வீடுங்காங்க, அதிகாரமுங்காங்க."

"ம். ஆனா உங்க பேரைக் காணோமே?"

"எனக்கு ஆட்சேபம் இல்லையே."

"மூணு வாரமா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க."

அண்ணாச்சி மறுக்கப் பார்த்தார். முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி சண்முகவடிவு இந்தக் கல்யாணத்துக்கு வருவேங்கா, சாமி."

"வரட்டுமே."

"வந்தா பார்ப்பா. பேசுவா. இசக்கி, அமுதா வீட்டுல யார் முதல்ல சாப்பிடுதா, யார் கடைசியில சாப்பிடுதான்னு கேப்பா. அவங்களுக்குள்ள அப்படி ஒண்ணே கிடையாது. இருக்கிறதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தின்னுதாங்க. என் வீட்டுல முப்பத்தொன்பது வருஷமா நான் கை கழுவின பிறகுதான் அவ இலையில உட்காருதா. நான் அப்படி இருன்னு சொன்னதே இல்ல. கல்யாணம்னா அப்படித்தான்னு அவ இருந்துட்டா. நானும் இருந்துட்டேன். அப்படி இல்லாமலும் கல்யாணம் உண்டுன்னு அவ கண்ணால பார்த்துட்டா..."

"பார்த்துட்டா?"

"எனக்குக் கேக்காமலே கிடைச்சதெல்லாம் போயிரும்." சொல்லிவிட்டு அண்ணாச்சி அழுதார். இத்தனை வயதானவர் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் அழுது முடித்ததும் சாமி கேட்டார்.

"அது உங்களுதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். தங்கபுஷ்பத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். பக்கத்தில், அடுத்தவருடையது என்று எழுதினார்.

"அப்போ கல்யாணம் நடக்கும்," என்றார் சாமி. "திங்கட்கிழமை வச்சுக்குவோம். முதல் பந்தியில சண்முகவடிவு மதினி உட்காரட்டும். பரிமாற நீங்க வாங்க."